வழிபாட்டுத் தலக் காவலுக்கு அரசுப் பணம்: பிரிட்டன் வழியா, அமெரிக்க வழியா?

வழிபாட்டுத் தலத்தின் வாசலில் செக்யூரிட்டி நிறுத்த அரசு பணம் தரலாமா என்ற விவாதம் இந்த இரண்டு நாடுகளிலும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இரண்டுமே தருகின்றன. ஆனால் தரும் விதம் நேர் எதிர்.

அமெரிக்காவில் ஃபெமா என்ற மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு நடத்தும் மானியத் திட்டம் ஒன்று இருக்கிறது. லாப நோக்கற்ற அமைப்புகளுக்கானது. எந்த மதம் என்று பார்த்துத் தருவதில்லை. சர்ச், மசூதி, குருத்வாரா, பிள்ளையார் கோயில் எல்லாம் ஒரே வரிசை. ஆபத்து என்ன, கட்டடத்தில் ஓட்டை எங்கே, பணத்தை என்ன செய்வோம் என்று எழுதி மாநில அரசு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 2023-ல் 30.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஓர் இடத்துக்கு உச்சவரம்பு 1.5 லட்சம் டாலர். 2024-ல் கூடுதல் நிதியும் சேர்ந்து ஒதுக்கீடு 45 கோடியைத் தாண்டியது. அப்படியும் இரண்டு ஆண்டிலும் விண்ணப்பித்தவர்களில் பாதிப் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை.

கேட்க நியாயமாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் பணம் வரும் முறையில். பொதுவாக, முதலில் நீங்கள் செலவு செய்து, ரசீது கொடுத்து, பிறகு திரும்ப வாங்க வேண்டும். கையிருப்பு உள்ள பெரிய ஆலயம் சமாளிக்கும். வாடகைக் கட்டடத்தில் நடக்கும் சின்ன மசூதி என்ன செய்யும்? நன்றாக விண்ணப்பம் எழுதத் தெரிந்தவருக்கே முதல் பந்தி.

தாமதத்தின் விலைக்கு கலிஃபோர்னியாவின் பொவே நகரமே சாட்சி. அங்குள்ள யூத ஜெப ஆலயம் வாசல் கேட்டையும் கதவையும் பலப்படுத்த 2018-லேயே விண்ணப்பித்து, ஒப்புதலும் வாங்கிவிட்டது. பணம் வந்தது 2019 மார்ச் கடைசியில். வேலை தொடங்கும் முன்பே, ஏப்ரல் 27 அன்று துப்பாக்கிக்காரன் உள்ளே வந்துவிட்டான். ஒரு பெண் இறந்தார், மூவர் காயமடைந்தனர்.

காவலாளி விஷயத்தில் இந்த முறை இன்னும் மோசமாகப் பொருந்துகிறது. கேமரா ஒருமுறை வாங்கும் பொருள். காவலாளி மாதாமாதம் சம்பளம். ஒப்பந்தக் காவலாளிக்கு மானியத்தைச் செலவிடலாம் என்கிறது ஃபெமா. அப்புறம் மானியம் தீர்ந்தபின் அவரை எப்படி வைத்துக்கொள்வீர்கள் என்று திட்டமும் கேட்கிறது. அந்தச் சம்பளம் கையில் இருந்தால் மானியம் எதற்கு? போதாததற்கு, 2025 மார்ச்சில் மறுஆய்வு என்று சொல்லிப் பட்டுவாடாவையே நிறுத்தி வைத்தார்கள்.

பிரிட்டன் வேறு வழி. 2015 முதல் யூத சமூகத்துக்கென்று தனி மானியம். அது கம்யூனிட்டி செக்யூரிட்டி டிரஸ்ட் என்ற ஒரே அமைப்பின் கைக்குப் போகிறது. பள்ளிகளுக்கும் ஜெப ஆலயங்களுக்கும் காவலாளிகளுக்கான பணம் அதன் மூலம்தான் போகிறது. எங்கே அச்சுறுத்தல் அதிகம், எந்தப் பண்டிகைக்கு எத்தனை பேர் தேவை என்பதெல்லாம் அதற்குத் தெரியும். ஒவ்வொரு ஆலயக் கமிட்டியும் படிவத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2024 பிப்ரவரியில் 2028 வரைக்குமாக மேலும் 5.4 கோடி பவுண்ட் அறிவித்தார்கள். பல ஆண்டுக்கான பணம் என்பதால் ஆளை நம்பி வேலைக்கு எடுக்கலாம். அடுத்த மாதமே முஸ்லிம் சமூகத்துக்கு நான்கு ஆண்டில் 11.7 கோடி பவுண்ட் என்றார்கள். மசூதிகளுக்கும் காவலாளி உண்டு.

குறை? மற்றவர்கள். இந்துக் கோயில், குருத்வாரா, சர்ச் எல்லாம் மூன்றாவது திட்டத்தில் வருகின்றன. அதில் கிடைப்பது கேமரா, வேலி, அலாரம். லண்டன் முருகன் கோயில் கமிட்டி விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்தத் திட்டம் வாசலுக்கு ஆள் தராது. அச்சுறுத்தலை அளந்துதான் பிரித்தோம் என்பது அரசின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. அரசு மதம் பார்த்துப் பங்கு பிரிக்கிறது என்ற முணுமுணுப்பும் அதனால் போய்விடாது.

ஆளா, கதவா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2019 அக்டோபர் 9 அன்று ஜெர்மனியின் ஹாலே நகரில் ஜெப ஆலயத்துக்கு போலீஸ் காவலே இல்லை. துப்பாக்கியோடு ஒருவன் வந்தான். பூட்டிய கதவுதான் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது. ஆனால் வெளியே இருவர் செத்தார்கள். 2025 அக்டோபர் 2 அன்று பிரிட்டனின் மான்செஸ்டரில் ஒரு ஜெப ஆலயம் தாக்கப்பட்டபோது வெளியே காவலும் இருந்தது, உள்ளே இருந்தவர்கள் கதவை அழுத்திப் பிடித்து நின்றார்கள். அங்கும் இரண்டு உயிர் போனது, ஆனால் தாக்கியவனால் உள்ளே நுழைய முடியவில்லை. என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும். கதவுக்கு அமெரிக்க முறை பரவாயில்லை. ஆளுக்கு பிரிட்டன் முறைதான் சரி.

அமெரிக்காவில் கோயில் கமிட்டியில் இருப்பவர்கள் மானியத்தைக் கதவு, விளக்கு, பயிற்சி ஆகியவற்றில் போடுவது நல்லது. பயிற்சிக்கும் அதில் இடம் உண்டு. 2022 ஜனவரியில் டெக்சஸின் கோலிவில்லில் ஜெப ஆலயத்தில் பிணைக்கைதியாக இருந்த ரபி (யூத மதகுரு), நாற்காலியை வீசிவிட்டு மற்றவர்களோடு தப்பியதற்கு முன்பு பெற்ற பயிற்சியே காரணம் என்றார். காவலாளியை சூரசம்ஹாரம், தேர் போன்ற கூட்ட நாட்களுக்கு மட்டும் வைத்து, அந்தச் சம்பளத்தைக் கோயில் வரவிலிருந்தே கொடுத்துவிடுங்கள்.