எழுத்தா, ஆட்டவிதியா: பன்னிரண்டு வருஷம் ஆர்பிஜி ஆடிய அனுபவம்

2012-ல் கல்லூரியில் கிடைத்த அரசு இலவச லேப்டாப்தான் என் முதல் கம்ப்யூட்டர். புது கேம் எதுவும் அதில் ஓடவில்லை. அதனால் ஓடுகிற பழையதைத் தேடிப் போனேன். மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்த படம், கீழே பத்தி பத்தியாக எழுத்து. 1990-களின் கடைசியில் வந்த அந்த ஆர்பிஜி (ரோல் பிளேயிங் கேம், அதாவது ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடுவது) கேம்கள் அதில் தாராளமாக ஓடின. அந்த வருஷம் மின்வெட்டு கடுமை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பேட்டரி தீரும் வரை ஆடுவேன். ஆடுவேன் என்பதைவிட வாசிப்பேன் என்பதுதான் பொருத்தம்.

சித்தப்பா மகன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "என்னண்ணே, கேம் வெளாடுதியளா, பரிச்சைக்குப் படிக்கியளா?"

அவனுக்குப் பிடித்தது ஐஸ்விண்ட் டேல். 2000-ல் வந்தது. ஆறு பேரையும் நாமே உருவாக்கிக்கொண்டு பனிமலைக்குள் போய்ச் சண்டை போட வேண்டும். கதை மெல்லிசு, சண்டை கனம். நான் பிடித்துக்கொண்டது பிளேன்ஸ்கேப்: டார்மென்ட், 1999. இரண்டும் பிளாக் ஐல் ஸ்டுடியோஸ் செய்தவை, இரண்டுக்கும் அடியில் ஒரே இன்ஜின், அதாவது கேமை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள். அப்படியிருந்தும் அவனுக்கும் எனக்கும் அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை. எழுத்துக்காக ஒரு கேமைப் பாராட்டலாமா, அல்லது ஆட்டவிதி சரியில்லை என்றால் எழுத்து எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அது கேமே இல்லையா? கதையின் முக்கியமான சில இடங்களைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. ஆடாதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

டார்மென்டை நான் மூன்று முறை முடித்திருக்கிறேன். முதல் முறை 2013-ல். நாயகனுக்குப் பெயர் கிடையாது. சிகில் என்ற நகரத்தின் பிணவறையில் கண் விழிக்கிறான், பழையது எதுவும் ஞாபகம் இல்லை. செத்தால் மறுபடி எழுவான். நான் தமிழ் மீடியம். பக்கத்தில் அகராதி வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு உரையாடலையும் கடந்தேன். அதிலும் சிகில் ஊர்க்காரர்கள் பேசுவது பழைய லண்டன் திருடர்களின் குழூஉக்குறியிலிருந்து எடுத்துக் கட்டிய பேச்சு. 'பெர்க்' என்பார்கள், 'கட்டர்' என்பார்கள். அகராதியில் தேடினால் கிடைக்கிற அர்த்தம் பொருந்தவே பொருந்தாது. ஆனால் அது எனக்குப் பெரிய தடையாக இருக்கவில்லை. 'ஏல' என்று நாம் கூப்பிடுவது பாசமா, அதட்டலா என்று வெளியூர்க்காரர் குரலையும் முகத்தையும் வைத்துத்தானே புரிந்துகொள்கிறார்? அப்படியே நானும் புரிந்துகொண்டேன்.

சண்டை மோசம். இதில் என் தம்பி சொல்வது முழுக்கச் சரி. குறிப்பாக, ரேவல் என்ற கிழவியைப் பார்த்துவிட்டு கர்ஸ்ட் ஊருக்குப் போன பிறகு சண்டை கூடிக்கொண்டே போகும், சுவை மட்டும் கூடாது. முதல் முறை நான் நாயகனின் திறன்களுக்குப் பங்கிடக் கிடைக்கும் புள்ளிகளை உடல் பலத்தில் கொட்டி அடிதடிக்காரனாகப் போனதால் அந்தப் பகுதி முழுவதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தாண்டினேன். முடித்த கையோடு எல்லோரிடமும் சொன்னேன்: எழுத்துக்கு நூறு மார்க், ஆட்டவிதிக்குப் பாஸ் மார்க்கூட இல்லை.

அப்படிச் சொன்னது தவறு என்பது 2017-ல் தெரிந்தது. அந்த வருஷம் பீம்டாக் நிறுவனம் வெளியிட்ட புதுப்பித்த பதிப்பில் மறுபடி தொடங்கினேன். இந்த முறை புள்ளிகளை எல்லாம் ஞானத்திலும் அறிவிலும் போட்டு மந்திரவாதியாகப் போனேன். முன்பு பட்டியலிலேயே வராத பதில்கள் வந்தன, நாயகன் மறந்த பழைய ஞாபகங்கள் திரும்பின. கூட வரும் டக்கோன் ஒரு வட்டத் தகடு வைத்திருப்பான். அவன் இனத்தின் வேதம் அதற்குள் அடுக்கடுக்காக இருக்கிறது. ஒரு வளையத்தைத் திருப்பி, உள்ளே இருக்கும் கதையை வாசித்து, அதன் பொருள் என்ன என்று அவனிடம் சொல்ல வேண்டும். சரியாகப் புரிந்துகொண்டால் நாயகனுக்கு ஒரு மந்திரம் கிடைக்கும். இன்னும் உள்ளே போனால் சொல்லிக்கொடுப்பவனே கற்றுக்கொள்ளும் இடம் வந்து, டக்கோனுக்கும் பலம் கூடும். கதை வாசிப்பதுதான் அங்கே லெவல் ஏறுவது. இதில் எழுத்து எங்கே முடிகிறது, விதி எங்கே தொடங்குகிறது?

இன்னொன்று. பெயர் கேட்பவர்களிடம் 'அடான்' என்று பொய்ப்பெயர் சொல்லலாம். முதல் முறை ஒரே ஒரு இடத்தில் சொன்னேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் முறை போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் அடான் என்று ஓர் ஆளே நகரத்தில் வந்து நிற்கிறான். நம்பிக்கை உலகத்தையே மாற்றும் என்று அந்தக் கேமில் பாத்திரங்கள் பத்து இடத்தில் பேசுகிறார்கள். அந்தப் பத்துப் பேச்சும் செய்யாததை அடான் வந்து நின்ற ஒரு நொடி செய்தது. சாக முடியாத நாயகனும் அப்படித்தான். மற்ற கேம்களில் செத்தால் சேவ் செய்த இடத்துக்குப் போவது ஒரு வசதி, இங்கே அதுவே அவனுடைய நோய். விதியையே கதையாக்கிய ஒரு கேமுக்கு நான் சண்டையை மட்டும் பார்த்து மார்க் போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் எழுத்தை அளக்க எனக்கென்று ஒரு முறை வந்தது. தமிழில் ஒரு பத்தியை வாசித்தால் அது நல்ல நடையா என்று உடனே சொல்லிவிடுவேன். ஆங்கிலத்தில் அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை. ஆகவே வாக்கிய அழகைப் பார்ப்பதில்லை. ஒரு பாத்திரம் சொன்ன சொல்லை ஆட்டவிதி காப்பாற்றுகிறதா என்று பார்க்கிறேன். 'நேரமில்லை, சீக்கிரம் போ' என்று பதறிவிட்டு, நான் நாற்பது மணி நேரம் ஊர் சுற்றிவிட்டு வந்தாலும் அப்படியே காத்திருந்தால், அந்த வசனம் எனக்குப் பொய். 1997-ல் வந்த ஃபால்அவுட் கேம் 150 நாள் கெடு என்று சொன்னால் அந்தக் கெடு நிஜம். கெடு தீர்வதற்குள் தண்ணீர்ச் சில்லை, அதாவது நம் ஆட்களின் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவிக்கு வேண்டிய சிப்பை, கொண்டு வராவிட்டால் ஆட்டம் முடிந்தது.

பேசி ஜெயிக்கும் இடங்களில் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தால் நன்றாகத் தெரியும். அதே ஃபால்அவுட்டின் கடைசி எதிரி, மனிதர்களை எல்லாம் புது இனமாக மாற்றப் பார்க்கிற மாஸ்டர். அந்த இனத்துக்குப் பிள்ளை பிறக்காது என்ற உண்மையை நாம் முன்பே தேடித் தெரிந்துகொண்டு போயிருந்தால், அதை எடுத்து வைத்து அவனை உடைத்துவிடலாம். பேச்சுத்திறன் மட்டும் இருந்தால் போதாது, ஆதாரம் வேண்டும். 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3-ல் யூர்கிர் என்ற அரக்கன் இருக்கிறான். அவன் போட்ட ஒப்பந்தத்தின் வாசகத்தை அவனுக்கு எதிராகவே திருப்பி, தன் ஆட்களையும் வளர்ப்பு மிருகத்தையும் கொன்று, கடைசியில் தன்னையும் மாய்த்துக்கொள்ள வைக்கலாம். அழகான வாதம்தான். ஆனால் அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. அது பதில் பட்டியலில் காத்திருந்தது, நான் செய்ததெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டியது மட்டும். விழவில்லை என்றால் எஃப்8 அழுத்தினால் பழைய சேவ் வந்துவிடும். அந்தக் கேமின் நடிப்பும் சண்டையும் என்னைக் கட்டிப்போட்டன, 150 ஜிபி இடம் கேட்டதற்கும் மனம் சலிக்கவில்லை. ஆனாலும் யூர்கிர் செத்தபோது நான் வாதாடி ஜெயித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பகடையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2019-ல் வந்த டிஸ்கோ எலிசியமும் பகடைதான், இரண்டு ஆறுமுகப் பகடை. சண்டைக்கென்று தனி முறையே கிடையாது. இருபத்து நான்கு திறன்கள் நாயகன் மண்டைக்குள் ஆளுக்கொரு குரலாகப் பேசிக்கொண்டே இருக்கும். தோற்றாலும் அங்கே எழுத்து நிற்காது, தோல்விக்கென்றே எழுதியிருப்பார்கள். தொடக்கத்தில் மின்விசிறியில் மாட்டிக் கிடக்கும் டையை எடுக்கப் போய், உடல்திறன் ரொம்பக் குறைவாக இருந்தால் மாரடைப்பில் ஆளே போய்விடுவான். குடித்துச் சீரழிந்த உடம்பு என்பதை ஒரு பத்தி வருணனை அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்காது. பழைய சேவுக்குப் போகாமல் நான் முழுக்க ஆடி முடித்த ஒரே பெரிய கேம் அதுதான்.

எங்கள் குலசாமி கோவில் கொடை விழாவில் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு நடக்கும். அமைந்து வருகிற ராத்திரியில் யாரும் கதை நன்றாக இருந்தது, உடுக்கை நன்றாக இருந்தது என்று பிரித்துப் பேச மாட்டார்கள். பாட்டு வரத்துக்கு, அதாவது சாமியை வரவழைக்கும் இடத்துக்கு, வரும்போது குடமும் உடுக்கையும் ஏறும், சாமியாடிக்கு அருள் வரும், அவ்வளவுதான். ஏதாவது ஒன்று பிசகினால்தான் மறுநாள் டீக்கடையில் குடம் அடித்தவரைத் தனியாகவும் பாடினவரைத் தனியாகவும் பேசுவோம். நானும் கேம்களில் எழுத்து, விதி என்று பிரிக்கத் தொடங்கும்போதெல்லாம் அங்கே ஏதோ பிசகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

தம்பியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஐஸ்விண்ட் டேலில் அவன் ஆறு பேருக்கும் எங்கள் தெரு ஆட்களின் பெயரை வைத்திருந்தான். ஒரு குகையில் ஐந்து பேர் விழுந்து, கடைசி ஆள் ஒற்றை உயிரோடு நின்று ஜெயித்ததைக் கபடி மேட்ச் மாதிரி இன்றும் சொல்வான். அந்தக் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை, விதிகள் மோதியதில் தானாகப் பிறந்தது. இத்தனை வருஷமாகியும் அவனுக்கு மறக்கவில்லை. எனக்கோ, நல்ல நடை என்று பெயரெடுத்த சில கேம்களின் வில்லன் பெயர்கூட ஞாபகம் இல்லை. பால்டர்ஸ் கேட் 2-ன் மந்திரவாதிச் சண்டையை அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். எதிரியின் காப்பு மந்திரங்களை ஒவ்வொன்றாக உரித்த பிறகுதான் அடி விழும். அதைக் கற்றுக்கொண்ட பின் அந்தக் கேமில் ஒரு மந்திரவாதி மிரட்டினால் நிஜமாகவே பயம் வந்தது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் முதலில் டார்மென்டைக் கொடுக்க மாட்டேன். டிஸ்கோ எலிசியத்தின் 2021 பதிப்பில் வசனம் முழுக்கக் குரலும் உண்டு. ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் காது உதவும். அப்புறம் ஃபால்அவுட். டார்மென்டுக்கு வந்தால் ஞானத்தைக் குறைக்கவே கூடாது.

இந்தச் சாரல் காலத்தில் தம்பி ஒருவழியாக டார்மென்டைத் தொடங்கியிருக்கிறான். வசனம் வந்தாலே படிக்காமல் தள்ளிக்கொண்டு போகிறவன். போன ஞாயிறு ராத்திரி பத்தரைக்கு போன் வந்தது. ரேவலிடம் வந்து நிற்கிறான். மனிதனின் இயல்பை எது மாற்றும் என்று அவள் கேட்கிற இடம்.

"அண்ணே, இவ கேக்கதுக்கு என்னத்த சொல்ல? அரை மணி நேரமா அப்படியே வச்சிருக்கேன்."

நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சரி, யோசிச்சே சொல்லு என்று வைத்துவிட்டேன்.