ஐ.எஸ்.ஐ ஹீட்டர் ராடு: கூடுதல் காசு கொடுக்கலாமா?

வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மழைக்காலம் வந்துவிட்டால் சுடுதண்ணி இல்லாமல் முடியாது. விறகு நனைந்து கிடக்கும், குளிக்கிற தண்ணிக்கு கேஸைச் செலவழிக்க மனசு வராது. அதனால்தான் குமுளி இறங்கி, கம்பம் டவுனில், வாளித் தண்ணியில் முக்கிச் சூடாக்குகிற 1500 வாட் ஹீட்டர் ராடு ஒன்று வாங்கினேன்.

கடையில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். மெல்லிசு வயரும் இரண்டு பின் பிளக்கும் உள்ளது 250 ரூபாய். ஐ.எஸ்.ஐ என்கிற அரசுத் தர முத்திரையும் தடித்த வயரும் மூன்று பின்னும் உள்ளது எழுநூறு சொச்சம். கூட வந்த கொழுந்தன், "இந்த ஐ.எஸ்.ஐ ரூல்ஸ் எல்லாம் விலையை ஏத்தத்தான் மதினி, விலை குறைஞ்சதையே எடுங்க" என்றார். எனக்கு அதில் சம்மதமில்லை, ஐ.எஸ்.ஐ உள்ளதையே எடுத்தேன்.

ராடுக்குள் இருக்கிற கம்பிச் சுருளுக்கும் வெளிக் குழாய்க்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பொடிதான் தடுப்பு. குழாயில் கீறல் விழுந்து அதில் ஈரம் ஏறினால் கரண்ட் நேரே தண்ணிக்கு வரும். அப்படிக் கசிகிற கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகத்தான் அந்த மூன்றாவது பின். மற்ற இரண்டையும் விட நீளம் அது. சொருகும்போது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும். ஈரக் கையோடு நிற்கிற பொம்பளைக்கு அந்த ஒரு பின் எவ்வளவு பெரிய காரியம்!

முத்திரைக்கு மேலே ஐ.எஸ் 368 என்று ஹீட்டர் ராடுக்கான தர நம்பரும், கீழே சி.எம்/எல் என்று கம்பெனியின் லைசென்ஸ் நம்பரும் இருக்கும். கடைக்கார அண்ணன் அந்த லைசென்ஸ் நம்பரை, முத்திரை கொடுக்கிற அரசு அமைப்பான பி.ஐ.எஸ்-இன் 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் போட்டு, தயாரித்த கம்பெனியின் பேரைக் காட்டினார். போலி முத்திரையா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

தொந்தரவு வந்தது பிளக்கில்தான். 16 ஆம்பியர் பிளக், எங்கள் வீட்டுச் சின்ன சாக்கெட்டில் நுழையவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த்தோடு தனியாக ஒரு சாக்கெட் போட வேண்டியதாயிற்று. அதுவும் நியாயம்தான்: 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் சின்ன சாக்கெட் சூடேறி உருகக்கூடும். பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் சொருக கன்வெர்ட்டர் மாட்டி ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

சூடாக்குவதில் குறை இல்லை. 15 லிட்டர் வாளி இருபது நிமிடம் போல ஆகும், அரை யூனிட் செலவு.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். உள்ளே இருந்த எச்சரிக்கைத் தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும். விடியற்காலையில் ராடைப் போடுகிறவர் என் அத்தை. அவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். தண்ணி இந்த அளவுக்குக் குறையக்கூடாது என்று ராடில் போட்டிருந்த கோடும் மங்கலாக இருந்தது. அதன் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் தடவினேன். 'பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணியைத் தொடணும்' என்று அட்டையில் எழுதி சாக்கெட்டுக்கு மேல் தொங்கவிட்டேன். விதியைக் குறைக்கச் சொல்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். இன்னும் ஒரு விதி கூடுதலாகவே வேண்டும்: விற்கிற ஊரின் மொழியில் எச்சரிக்கை.

வாங்குகிறவர்கள் முதலில் வீட்டில் கரண்ட் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தானாக லைனைத் துண்டிக்கிற இ.எல்.சி.பி ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய லயங்களில் பல வீட்டில் கிடையாது. அப்புறம், வாரண்டி சீட்டில் தேதியும் கடை சீலும் கேட்டு வாங்குங்கள். எனக்குக் கேட்ட பிறகுதான் போட்டார்கள்.