பழைய காமெடி நாடகம்: அப்படியே போடுவதா, இந்தக் காலத்துக்கு மாற்றுவதா?

நாற்பது வருஷப் பழைய காமெடி நாடகம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்தோம். முதலில் இந்தக் காலத்துக்கு மாற்றி எழுதி ஆறு ஷோ போட்டோம். அப்புறம் அதை மூட்டை கட்டிவிட்டுப் பழைய பிரதிக்கே திரும்பினோம். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது தெரிந்ததே.

மாற்றி எழுதியதில் லாபம் இல்லாமல் இல்லை. செட்டுக்கும் உடைக்கும் அலையவில்லை, முதல் ஷோவில் சிரிப்பும் தாராளம். உரிமை வாங்குவது, நீளத்தைக் குறைப்பது, திக்குவாயையும் நிறத்தையும் கிண்டலடித்த வசனங்களை வெட்டுவது எல்லாம் எப்படியும் செய்தாக வேண்டிய வேலை.

சிக்கல் பராமரிப்பில்தான். அன்றன்றைய செய்தியை வைத்து எழுதிய ஜோக் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. போன ஷோவில் கைதட்டல் வாங்கிய வரிக்கு இந்த ஷோவில் யாரோ இருமினார்கள். சரி, வேறு வரி போடலாம் என்றால், சிரிப்பு அடங்க எதிரில் இருப்பவர் எவ்வளவு நேரம் நிற்பது, கதவை எப்போது திறப்பது என்று எல்லாமே அந்த வரியில்தான் கோத்திருக்கிறது. ஒரு வரி மாறினால் ஒரு நாள் ஒத்திகை போயிற்று. போதாததற்கு செல்போன். போனில் குரல் மாற்றிப் பேசி ஏமாற்றுவதுதான் எங்கள் கதையே. இப்போது அழைப்பவர் பெயர் திரையில் வந்துவிடுமே! ‘சிக்னல் இல்லை’, ‘சார்ஜ் போச்சு’ என்று ஒட்டுப் போட்டதில் கதையைவிட ஒட்டுதான் அதிகமாகத் தெரிந்தது.

பழைய பிரதியில் இருப்பது டயல் போன். இளைய நடிகர் ஒருவர் முதல் ஒத்திகையில் ஓட்டைக்குள் விரலை விட்டு பட்டன் மாதிரி அமுக்கினார். சுற்றக் கற்றுக்கொடுத்தோம். இப்போது மேடையில் ஒன்பதைச் சுற்றிவிட்டு, டயல் கிர்ரென்று திரும்பி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பிரதியில் ஒரு வார்த்தைகூட இல்லாத அந்த இடத்தில்தான் இருபது வயதுக்காரர்கள் அதிகம் சிரிக்கிறார்கள்.

இத்தாலியரான கோல்டோனி 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரு நகைச்சுவை நாடகத்தை லண்டன் நேஷனல் தியேட்டர் 2011-இல் புதிதாக எழுதிப் போட்டது. அவர்கள்கூடக் கதையை 2011-க்குக் கொண்டுவரவில்லை, 1963-ஆம் வருஷத்து இங்கிலாந்தில், பிரைட்டன் நகரில் நிறுத்திக்கொண்டார்கள். காரணம் எதுவோ, நான் அதை என் கட்சி சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு ஷோ, ஒரு விழாவுக்கு மட்டும் என்றால் மாற்றி எழுதுவதே மேல், பராமரிப்புத் தொல்லையே கிடையாது. இன்னொன்று, நாங்கள் போட்டதெல்லாம் இருநூறு பேர் உட்காரும் சின்ன அரங்கில். ஆயிரம் பேர் அரங்கில் கடைசி வரிசைக்கு அந்த டயல் தெரியுமா என்று இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.