முதல் கார் பாலிஷராக 15 மி.மீ. டிஏ: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கறுப்பு கார் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த வேதனைதான். சாய்வான வெயில் பானெட்டில் விழுந்தால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள் எழுந்து நிற்கும். உண்மையில் அவை எல்லாத் திசையிலும் இருப்பவை. வெளிச்சம் விழும் விதத்தில் வட்டமாகத் தெரிகின்றன. தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி துடைக்கிற பழக்கம் கொடுத்த பரிசு அது. போர் தண்ணீர் காய்ந்து விட்டுப்போகும் உப்புக்கறை அதோடு சேர்ந்துகொள்ளும்.

இதைச் சரிசெய்ய முதல்முறை மெஷின் தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது ரோட்டரிதான். பெயிண்டிங் பட்டறைகளில் பார்த்துப் பழகிய 7 அங்குல மெஷின். விலையும் குறைவு, பெட்டியில் வாட் கணக்கு பெரிய எழுத்தில் இருக்கும். கை தேர்ந்தவரிடம் அது அருமையான கருவி, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் அதை வாங்க வேண்டாம் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். நாம் பாலிஷ் போடுவது நிறத்தின் மேல் அல்ல, அதற்கு மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில். கம்பெனிப் பெயிண்டில் அது பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். ஒரு ஏ4 தாளின் தடிமனில் ஏறக்குறையப் பாதி. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும், அழுத்தினாலும் நிற்காது. கதவு விளிம்பிலோ பாடி லைனிலோ ஒரு நொடி தங்கினால் சூடு அங்கேயே சேர்ந்துவிடும். கிளியர் போய்விட்டால் அந்தப் பேனலுக்கு மறுபடி பெயிண்ட்தான், வேறு வழி கிடையாது.

டிஏ, அதாவது டூயல் ஆக்‌ஷன் பாலிஷர், அப்படி இல்லை. பாலிஷ் பேட் ஒட்டும் பிளேட் மையம் விலகி ஆடிக்கொண்டே, தன் பேரிங்கில் தாராளமாகச் சுழலும். அளவுக்கு மீறி அழுத்தினாலோ சாய்த்துப் பிடித்தாலோ சுழற்சி நின்று ஆட்டம் மட்டும் மிஞ்சும். கடைக்காரர் சிலர் இதைப் பலவீனம் என்பார்கள். கற்றுக்கொள்பவருக்கு அதுதான் காவல். கியரில் ஓடும் டிஏக்களும் உண்டு, ஃபிளெக்ஸ் 3401 போல. அவை நிற்காமல் பெயிண்டைத் தேய்த்து வெட்டும். முதல் மெஷினாக அவையும் வேண்டாம்.

அடுத்து பார்க்க வேண்டியது த்ரோ, அதாவது ஆட்டத்தின் அகலம். போர்ட்டர் கேபிள் 7424எக்ஸ்பி போன்ற பழைய பேர்போன மெஷின்களில் 8 மி.மீ.; இத்தாலியின் ரூபெஸ் பரவலாக்கியது 15, 21. ரூபெஸ் என் பட்ஜெட்டுக்கு எட்டவில்லை. நான் எடுத்தது 5 அங்குல பிளேட்டோடு வந்த 15 மி.மீ. சீனத் தயாரிப்பு. 21 மி.மீ. பெரிய எஸ்யூவிக்குச் சரி. நம் சிறிய ஹேட்ச்பேக்கின் கதவில் அதற்கு இடம் பத்தாது.

பானெட், ரூஃப், கதவின் நடுப்பகுதி போன்ற தட்டையான இடங்களில் 15 மி.மீ. வேலை செய்வதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். வளைவுக்கு வந்தால்தான் முரண்டு பிடிக்கும். இதற்கு ஒரு கைவைத்தியம்: பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். வேலை நடக்கும்போது கோடு நிதானமாகச் சுற்றி வந்தால் நல்லது. ஒரே இடத்தில் நின்று அதிர்ந்தால் பிளேட் நின்றுவிட்டது என்று பொருள். அழுத்தத்தைக் குறைத்து, பேட் பேனலோடு ஒட்டிப் படுக்கிறதா என்று பாருங்கள். எந்த வீடியோவும் கற்றுத்தராத அளவுக்கு அந்தக் கோடு எனக்குக் கற்றுக்கொடுத்தது. பம்பர், பில்லர், கைப்பிடிக் குழி இங்கெல்லாம் 5 அங்குலம் நுழையாது. முழுக்க வளைவும் நெளிவுமான கார் என்றால் 8 மி.மீ. எடுப்பதே புத்திசாலித்தனம், நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

மெஷினில் மிச்சம் பிடித்த பணத்தைப் பேடில் போடுங்கள். செட்டோடு வரும் தடித்த ஸ்பாஞ்ச் பேடுகள் டிஏவின் ஆட்டத்தைத் தாங்களே விழுங்கிவிடும், பெயிண்டுக்குப் போய்ச் சேராது. மெல்லிய பேடுகள் வேண்டும், அதுவும் நிறைய. காம்பவுண்டும் (தேய்க்கும் பாலிஷ் பசை) பெயிண்ட் துகளும் ஊறிய பேட் வெட்டுவதை விட்டுவிட்டுச் சூடாகத் தொடங்கும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷால் தட்டிவிட்டு, ஓரிரு பேனலுக்கு ஒருமுறை பேடையே மாற்றிவிடுவேன். காம்பவுண்டு பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு போதும். நம்மூர் வெயிலில் சூடேறிய பானெட்டில் அது உடனே காய்ந்து பொடியாகும். அதனால் என் வேலை எல்லாம் அதிகாலையில், நிழலில். அதற்கு முன் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் கிளே போட்டு, கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டியாக வேண்டும். காம்பவுண்டு ஏறி வெளுத்த பிளாஸ்டிக்கைச் சுத்தம் செய்வது பெரும்பாடு.

தேய்மானம் பற்றி யாரும் சொல்வதில்லை. எனக்கு முதலில் போனது மோட்டார் அல்ல, பிளேட்டின் வெல்க்ரோ. நடுவில் சூடேறி ஏறி முள் மழுங்கி, பேட் நழுவ ஆரம்பித்தது. புது பிளேட் தேடியபோதுதான் உதிரிபாகத்தின் அருமை புரிந்தது. அளவு மாறிய பிளேட் போட்டால் உள்ளிருக்கும் எதிர் எடையோடு ஒத்துப்போகாமல் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும். ஆகவே வாங்கும் முன் கடையில் வாட்டைக் கேட்காமல், பிளேட்டும் மோட்டாருக்கான கார்பன் பிரஷும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

உப்புக்கறையில் மேலோட்டமானவை போய்விட்டன. கிளியரை அரித்து உள்ளே இறங்கிய சில இன்னும் இருக்கின்றன; அவற்றைத் துரத்தி மைக்ரானைக் கரைக்க எனக்கு மனமில்லை. ஒவ்வொரு பாலிஷும் கொஞ்சம் கிளியரை எடுத்துக்கொண்டுதான் போகிறது. அதனால் முதல் சுற்றுக்குப் பிறகு காரைக் கழுவும் முறையைத்தான் மாற்றினேன்: சோப்புக்கு ஒன்று, அலச ஒன்று என இரண்டு வாளி, மைக்ரோஃபைபர், காய்ந்த துணிக்கு முழுத் தடை. மெஷின் இப்போது பெரும்பாலும் மென்மையான பேடில் வாக்ஸ் போடவும், மஞ்சளித்த ஹெட்லைட்டைத் தெளியவைக்கவும் வெளியே வருகிறது. ஹெட்லைட்டில் பாலிஷோடு பழைய யுவி பூச்சும் போய்விடுவதால், மேலே புதுப் பூச்சு போடாவிட்டால் மறுபடி மஞ்சளிக்கும்.

அடுத்து பில்லருக்கும் பம்பருக்கும் 3 அங்குலச் சிறிய டிஏ ஒன்று வாங்கும் எண்ணம் இருக்கிறது. அதற்கு பிளேட் தனியாகக் கிடைக்குமா என்று இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.