பாடிசூட் தைக்க எந்தத் துணி: நைலான் ஸ்பான்டெக்ஸா, மேற்பூச்சுத் துணியா?

ஒரே கதாபாத்திரத்துக்காக, தலை நீங்கலாகக் கழுத்து முதல் கணுக்கால் வரை உடலோடு ஒட்டிக்கிடக்கும் முழுவுடையை, அதாவது பாடிசூட்டை, நான் இரண்டு முறை தைத்திருக்கிறேன். முதல் முறை பாலியூரித்தேன் மேற்பூச்சு கொண்ட, தோல்போல மின்னும் நீளும் துணியைத் தேர்ந்தெடுத்தேன். அது உரிந்துபோன பிறகு, அதே பேட்டர்னை (துணி வெட்டுவதற்கான அளவு வடிவத்தை) சற்றே குறுக்கி, பளபளப்பில்லாத நைலான் ஸ்பான்டெக்ஸில் மறுபடியும் தைத்தேன். இந்த இரண்டில் எதை எடுப்பது என்று கதாபாத்திரங்களைப்போல உடையணிந்து வேடமிடும் காஸ்பிளேவுக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும்போதெல்லாம் என் விடை நைலான் ஸ்பான்டெக்ஸ் என்பதாகவே இருந்துவருகிறது. ஆகவே நான் நடுநிலையாளன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துணிகளைச் சுருக்கமாக அறிமுகம் செய்துவிடலாம். நைலான் ஸ்பான்டெக்ஸ் என்பது நீச்சலுடைக்கும் நடன உடைக்கும் பயன்படும் பின்னல் துணி; பொதுவாக 80 விழுக்காடு நைலானும் 20 விழுக்காடு ஸ்பான்டெக்ஸும் கலந்திருக்கும்; நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நீளும். லைக்ரா என்று பலரும் குறிப்பிடுவது இந்த ஸ்பான்டெக்ஸ் இழையின் வணிகப் பெயர்களுள் ஒன்றைத்தான். மேற்பூச்சுத் துணி என்பது நீளும் பின்னல் துணியொன்றின் மேல் பாலியூரித்தேனையோ பிவிசியையோ மெல்லிய படலமாகப் பூசியது. நீளக்கூடிய ரெக்சின் என்று எண்ணிக்கொண்டால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். மூன்றாவதாக, உருவத்தையும் நிழல்களையும் அச்சிட்டு எடுக்கும் பாலியெஸ்டர் ஸ்பான்டெக்ஸ் ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கடைசியில் கொஞ்சமாகச் சொல்கிறேன்.

அளவெடுப்பதும் பேட்டர்ன் போடுவதும் எந்தத் துணிக்கும் பெரும்பாலும் ஒன்றே. பழைய உள்ளாடை ஒன்றை அணிந்து, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் ஒட்டுநாடாவையும் சுற்றி, அதன்மீது தையல்கோடுகளை வரைந்து, வெட்டியெடுத்துத் தட்டையாக விரித்துப் பேட்டர்ன் செய்வது பலரும் அறிந்த வழி. மறக்கக்கூடாத அளவு ஒன்றே ஒன்றுதான்: தோளின் நடுவில் தொடங்கி, மார்பு வழியாகக் கீழிறங்கி, கால்களுக்கிடையே சென்று, முதுகு வழியாக அதே தோளுக்குத் திரும்பும் முழுச் சுற்று. இடுப்பளவு ஓர் அங்குலம் பிசகினால் உடை சமாளித்துக்கொள்ளும். இந்தச் சுற்று குறைந்தாலோ, உட்காரும்போது தோளும் கவட்டுப் பகுதியும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

துணிக்குத் துணி வேறுபடுவது எவ்வளவு குறுக்கித் தைக்கலாம் என்பதில்தான். 10 சென்டிமீட்டர் துணியை விரல்களுக்கிடையே பிடித்து இழுக்கும்போது அது சிரமமில்லாமல் 15 சென்டிமீட்டர் வரை வந்தால் நீட்சி 50 விழுக்காடு. அத்தகைய நைலான் ஸ்பான்டெக்ஸில் உடலின் சுற்றளவைவிடச் சுமார் 10 விழுக்காடு குறைத்து வெட்டினால்தான் சுருக்கமின்றி உடலில் படியும். நான் வாங்கிய மேற்பூச்சுத் துணி அகலவாக்கில் மட்டும் நன்றாக நீண்டது. நீளவாக்கில் அநேகமாக நீளவே இல்லை. அதனால் சுற்றளவில் மிகக் குறைவாகவே குறைக்க முடிந்தது. மேலே சொன்ன தோள் சுற்றில் துளியும் குறைக்க முடியவில்லை. முழங்காலுக்குப் பின்புறமும் முழங்கையின் உட்புறமும் மடிப்புகள் விழுந்ததற்கு இதுவே காரணம். அக்குளிலும் கவட்டிலும் சாய்சதுரத் துண்டு வைத்துத் தைத்த பிறகே கையைத் தலைக்குமேல் தூக்க முடிந்தது. நைலானில் தைத்தபோது அக்குள் துண்டு தேவைப்படவே இல்லை.

தைக்கும் வேலையைப் பொறுத்தவரை, மேற்பூச்சுத் துணி தவறை மன்னிக்காது. ஊசி குத்திய இடம் ஓட்டையாகவே நிற்கும். எனவே குண்டூசி போடக்கூடாது, கிளிப்தான் மாட்டவேண்டும். பிரித்துத் தைத்தால் பழைய தையலின் தடம் வரிசையாகத் தெரியும். தையலை நெருக்கமாகப் போட்டால் தபால்தலையின் ஓரம்போலத் துளைகள் சேர்ந்து, இழுபடும்போது அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும் என்பதால் தையலின் நீளத்தை 3 முதல் 3.5 மில்லிமீட்டர் வரை வைக்கவேண்டும். தையல் இயந்திரத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் சாதாரண உலோகப் பாதத்தின் அடியில் பூச்சுள்ள பக்கம் ஒட்டிக்கொண்டு நகராது. டெஃப்லான் பாதமோ, இடையில் ஒரு மெல்லிய காகிதமோ வேண்டும். இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுவரக்கூடாது. தையலுக்கு விட்ட துணியை விரித்துப் படியவைக்கக் கைவிரலும் பசையும்தான் துணை. இவை எதுவும் செய்ய முடியாதவை அல்ல. ஆனால் முதல் பாடிசூட் தைப்பவர் நிச்சயம் ஒருமுறையாவது பிரித்துத் தைப்பார் என்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும்.

நைலான் ஸ்பான்டெக்ஸ் வேறு விதத்தில் தொல்லை தரும்: வெட்டும்போது வழுக்கும், ஓரம் சுருளும், தவறான ஊசி போட்டால் தையல் தாவும். பின்னல் துணிக்கென்றே உள்ள, முனை உருண்ட 11ஆம் எண் ஊசியை மாட்டினால் பாதித் தொல்லை அப்போதே தீர்ந்துவிடும். துணியின் ஓரத்தை வெட்டி நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் இல்லையே என்று தயங்கவேண்டாம். 1 மில்லிமீட்டர் அகலமும் 2.5 மில்லிமீட்டர் நீளமுமாக குறுகலான சிக்ஸாக் தையல் போட்டுத்தான் என் உடை முழுவதையும் வீட்டு இயந்திரத்திலேயே முடித்தேன். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் நீளாமல் அறுந்துவிடும். ஒவ்வொரு தையலையும் தைத்தவுடன் இரு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். அறுபடவேண்டிய தையல் மேசையிலேயே அறுபடட்டும்.

தோற்றத்தில் மேற்பூச்சுத் துணிதான் வெல்கிறது. இதை மறுப்பது நேர்மையாகாது. விளக்கொளி பட்டவுடன் உடலின் வளைவுகளில் வெள்ளைக் கோடுகள் ஓடும். படங்களில் அது கவசம்போலவே தோன்றும். நைலான் ஸ்பான்டெக்ஸ் அதே வெளிச்சத்தில் சற்று அடக்கமாக, உடற்பயிற்சி உடையை நினைவூட்டுவதுபோலத் தெரியக்கூடும். அதோடு, உள்ளே அணிந்தவற்றின் ஓரங்கள் எல்லாம் வெளியே தெரியும். வெளிர்நிறத் துணியாக இருந்தால் நீளும் இடங்களில் உள்ளிருப்பது ஊடுருவித் தெரியும் என்பதால் லைனிங் கட்டாயம். ஆண்களாயினும் பெண்களாயினும் நடனக்காரர்கள் அணியும் தையலற்ற, தோல்நிற உள்ளாடையை உள்ளே அணிந்துகொள்வது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் நான் நைலானின் பக்கம் நிற்பதற்குக் காரணம் ஒன்றே: வியர்வை. சட்டைக்கும் கோட்டுக்கும் கீழே ஓர் உள்ளாடை இருக்கும்; வியர்வையை அது ஏற்றுக்கொள்ளும். பாடிசூட்டுக்கும் தோலுக்கும் இடையே, அந்தச் சிறு உள்ளாடை மறைக்கும் இடம் தவிர, எதுவும் கிடையாது. விக், கையுறை, பூட்ஸ் எல்லாம் அணிந்து ஏழெட்டு மணி நேரம் கூட்டத்தில் நின்றுவிட்டு வந்து கழற்றும்போது, முதுகுத் தையலும் அக்குளும் இடுப்பும் நனைந்தே இருக்கும். அந்த உடையை அன்றிரவே துவைக்க முடியுமா என்ற கேள்வியைத் துணி வாங்குவதற்கு முன்பு நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்டிருந்தால் ஒரு முழுவுடைக்கான துணியும் சில வாரங்களின் உழைப்பும் மிச்சமாகியிருக்கும்.

மேற்பூச்சுப் படலம் காற்றை விடாது. வியர்வை வெளியே ஆவியாக வழியின்றி உள்ளேயே வழிந்து, அடித்துணியில் ஊறி நிற்கும். இயந்திரத்தில் போட்டால் படலம் மடிந்து விரிசல் விடும். கையால் பிழிந்தாலும் அதே கதை. எனவே உள்புறத்தைத் திருப்பி, மிதமான சோப்புநீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் காயவைப்பதோடு நின்றுவிடவேண்டியிருக்கிறது. மேடை நாடக உடைக் கிடங்குகளில் துவைக்க இயலாத உடைகளின் உள்பக்கம், நீர் கலந்த ஆல்கஹாலைத் தெளித்து வாடையைக் குறைக்கும் பழக்கம் உண்டு. நானும் அதைச் செய்தேன். வாடை குறைந்தது, உப்பும் எண்ணெய்ப்பசையும் அடித்துணியிலேயே தங்கிவிட்டன. மூன்றாம் முறை அணிந்தபோது என் உடையையே நான் சற்று முகம் சுளித்துத்தான் மாட்டிக்கொண்டேன்.

அணியாமல் பத்திரமாக வைத்தால் நீடிக்கும் என்றும் சொல்வதற்கில்லை. பாலியூரித்தேன் பூச்சுகள் பலவற்றில் உள்ள எஸ்டர் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஈரப்பதம் மெல்ல மெல்ல உடைக்கும். வெப்பம் கூடினால் அது வேகமாக நடக்கும். நீராற்பகுப்பு என்று வேதியியலில் சொல்வது இதைத்தான். பீரோவுக்குள் தொடாமல் கிடந்த கைப்பையும் சோபாவும் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உதிர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பிவிசி வேறு வகையில் கெடும்: அதை மென்மையாக வைத்திருக்கும் நெகிழ்விப்பான் காலப்போக்கில் வெளியேற, மேற்புறம் பிசுபிசுக்கும், பிறகு விறைக்கும். என் முதல் உடை இரண்டாம் ஆண்டின் முடிவில், நான்கே முறை அணிந்த நிலையில், முழங்கையிலும் தொடையின் உட்புறத்திலும் உரியத் தொடங்கியது. உரிந்த இடத்தை ஒட்டவோ பூசவோ முடிந்தாலும் அது நீளும் இடம் என்பதால் அடுத்த அசைவிலேயே மறுபடி விரிசல் விடும். கைமாற்றி விற்கலாமா என்று பார்த்தேன். விவரத்தைச் சொன்னால் வாங்க ஆளில்லை, சொல்லாமல் விற்க மனமில்லை.

இங்கே ஒரு வேடிக்கையையும் குறிப்பிடவேண்டும். 1958இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் இழையும் பிறப்பால் பாலியூரித்தேன் குடும்பமே. ஆகவே நைலான் ஸ்பான்டெக்ஸும் நிரந்தரமானது இல்லை. குளோரின், கொதிநீர், துணி உலர்த்தியின் சூடு ஆகியவை அதன் மீள்தன்மையைத் தின்றுவிடும். ஆனால் அந்த இழை நைலான் பின்னலுக்குள் கலந்து கிடக்கிறது. தளர்ந்தால் முழங்கால் கொஞ்சம் தொளதொளக்கும். ஒரு விரற்கடை உள்ளே பிடித்துத் தைத்தால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். செதிலாக உதிர்ந்து மற்றவர் இருக்கையில் ஒட்டாது.

பராமரிப்பும் அதற்கேற்ப எளியது. அணிந்த அன்றே குளிர்ந்த நீரில் மிதமான சோப்பு கரைத்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, அலசி, முறுக்கிப் பிழியாமல் ஒரு துண்டுக்குள் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, நிழலில் கிடைமட்டமாகக் காயவைத்தால் மறுநாள் காலையில் அணியத் தயாராக இருக்கும். இரண்டு நாள் நிகழ்ச்சிகளுக்குச் செல்பவர்களுக்கு இந்த ஒரு வசதியே போதும். வெளுப்பான் கூடாது, துணியை மென்மையாக்கும் திரவமும் கூடாது. ஈரத்தோடு ஹேங்கரில் தொங்கவிட்டால் நீரின் எடையால் தோள் இழுபட்டு நீளும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும்.

ஜிப்பைப் பற்றியும் ஒரு சொல். எந்தத் துணியானாலும் ஜிப் நீளாது. அதைச் சுற்றியுள்ள துணி நீளும். முதுகில் மறைஜிப் வைக்கும்போது, தைக்கும் விளிம்பில் நீளாத மெல்லிய நாடாவை முதலில் பிடித்துத் தைக்காவிட்டால், ஜிப் அலையலையாக நெளியும். நைலான் உடையில் எனக்கு இன்றுவரை குறை சொல்ல இடமிருப்பது ஜிப்பின் அடிமுனையில்தான். குனிந்து நிமிரும்போது முழுப் பாரமும் அங்கே விழுவதால் ஒருமுறை தையல் விட்டது. ஜிப்பை இன்னும் நாலு அங்குலம் கீழே இறக்கியிருக்கலாம். கழிப்பறைக்குச் செல்லும்போதும் அந்த நாலு அங்குலத்தின் அருமை தெரிகிறது.

அச்சிட்ட பாலியெஸ்டரில் நான் தைத்தது நண்பர் ஒருவருக்காக ஒரே ஒரு உடை. எனவே அதைப் பற்றிய என் கருத்துக்கு அந்த அளவு எடைதான் உண்டு. தசைக்கோடுகளும் அறுகோணப் பின்னலும் நிறைந்த சூப்பர்ஹீரோ உடைகளுக்கு அது மிகப் பொருத்தம். ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே புகுந்துவிடுவதால் துவைத்தாலும் மங்குவதில்லை. இந்த முறைக்குப் பாலியெஸ்டர்தான் உகந்தது. குறை என்று கண்டது, அதிகம் இழுபடும் இடங்களில் அச்சின் அடியிலுள்ள வெண்மை எட்டிப்பார்ப்பது. தொடையிலும் புட்டத்திலும் கருமை சாம்பலாகத் தெரிந்தது. இன்னொன்று, ஓவியம் ஒருவரின் பேட்டர்னுக்கென்றே அமைக்கப்படுவதால் உடல் அளவு மாறினால் பிடித்துத் தைக்கும்போது கோடுகள் பொருந்தாமல் போகும்.

மேற்பூச்சுத் துணியை முற்றிலும் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. ஒரே ஒரு படப்பிடிப்புக்காக, சில மணி நேரம் மட்டும் அணியப்போகும் உடையென்றால் அதன் மினுமினுப்புக்கு ஈடு கிடையாது. நான் இப்போது செய்வது, உடல் முழுவதையும் நைலானில் தைத்துவிட்டு, தோள்பட்டைத் தகடு, இடுப்புப் பட்டை, பூட்ஸ் உறை ஆகியவற்றை மட்டும் மேற்பூச்சுத் துணியில் செய்து, அழுத்தும் பொத்தான்களால் இணைப்பது. துவைப்பதற்கு முன் அவற்றைக் கழற்றிவிடலாம். உரியத் தொடங்கும்போது அந்தத் துண்டை மட்டும் மாற்றித் தைத்தால் போதும். இடுப்புப் பட்டையை ஏற்கெனவே ஒருமுறை மாற்றிவிட்டேன். அரை மீட்டர் துணியும் ஒரு மாலைப்பொழுதும் ஆயின.