அபர்ணா: 499 ரூபாய்க்கு வந்த பெயர் விளக்கம்

சென்ற மாதம் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கார்த்திகை நட்சத்திரம், முதல் பாதம். ஆகவே பஞ்சாங்கப்படி ‘அ’ என்ற எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் விரும்பினார்கள். மகளும் மாப்பிள்ளையும் ‘அபர்ணா’ என்று முடிவு செய்து, அதன் பொருளையும் பிறப்பையும் அறிவதற்காக இணையவழிப் பெயர் ஆலோசனைச் சேவை ஒன்றுக்கு 499 ரூபாய் செலுத்தினார்கள். மறுநாளே பன்னிரண்டு பக்க அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. கல்லூரியில் நான் சமஸ்கிருதம் படித்தவன் என்பதால், அதைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர பாத எழுத்துகளில் பிழை இல்லை. உச்சரிப்புக்கான ஒலிப்பதிவு உண்மையிலேயே பயனுள்ளது. தமிழில் உயிர்களுக்கு நடுவே நிற்கும் பகரம் ‘கோபம்’ என்பதில் ஒலிப்பது போல மெலிந்துவிடும். இந்தப் பெயரின் மூலத்திலோ அது வல்லொலி. இந்த வேறுபாட்டை ஒலிப்பதிவு தெளிவாகக் காட்டுகிறது.

ஆனால் பணம் கொடுத்தது பொருளுக்காக. ‘இலை போன்ற மென்மையானவள், ஆபரணம் என்றும் பொருள்’ என்று இரண்டாம் பக்கத்தில் பொன்னிற எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டுமே தவறு. ஆபரணம் வேறு வேரிலிருந்து வந்த சொல். பகரத்தை மெலித்து உச்சரிக்கும் நம் வழக்கத்தால் ஏற்பட்ட மயக்கமாக இருக்கலாம். முதல் பொருளோ நேர் எதிரானது. பர்ணம் என்றால் இலை. இராமாயணத்தில் வரும் பர்ணசாலையிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது, பீடாக் கடையில் ‘பான்’ என்று கேட்கிறோமே, அதுவும் பிராகிருதம் வழியாகத் தேய்ந்து வந்த அதே சொல்தான். முன்னால் நிற்கும் ‘அ’ இன்மையைக் குறிப்பதால், அபர்ணா என்றால் இலை இல்லாதவள், அதாவது இலையைக்கூட உண்ணாதவள்.

சிவனை அடையத் தவமிருந்த பார்வதியின் பெயர் இது. தானாக உதிர்ந்த இலைகளை மட்டும் உண்டு வாழ்வதே தவத்தின் உச்சம், அதையும் அவள் விலக்கியதால் பழங்கதை அறிந்தோர் அவளை அபர்ணா என்கிறார்கள் என்று குமாரசம்பவத்தின் ஐந்தாம் சருக்கத்தில் காளிதாசர் பாடுகிறார். ஹரிவம்சம் கதையை இன்னும் விரிக்கிறது. அங்கே பார்வதியின் தாயான மேனைக்கு மூன்று பெண்கள்: ஓர் இலையை உண்டு தவமிருந்த ஏகபர்ணா, ஒரு பாடல மரத்து இலையை உண்ட ஏகபாடலா, எதையுமே உண்ணாத அபர்ணா. தாய் மனம் பொறுக்காமல் ‘உ, மா’ (அம்மா, வேண்டாம்) என்று தடுத்ததால் அவளுக்கு உமா என்ற பெயரும் வந்தது. ஒரே தவத்தில் பிறந்த இந்த இரண்டு பெயர்களில், உமா என்பது தாயின் பதற்றம் என்றால் அபர்ணா என்பது மகளின் பிடிவாதம். இப்படிப்பட்ட கதை இருக்கும்போது அதற்கு ஒரு வரிகூட ஒதுக்காமல், அதிர்ஷ்ட நிறத்துக்கும் அதிர்ஷ்டக் கல்லுக்கும் இரண்டு பக்கங்களைக் கொடுத்திருப்பதுதான் இந்த அறிக்கையின் பெருங்குறை.

எண் கணிதப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கில எழுத்துகளின் கூட்டுத்தொகை 18 ஆக இருப்பதால், கடைசியில் இன்னொரு ‘ஏ’ சேர்த்து 19 ஆக்கும்படி அறிவுறுத்துகிறார்கள். சமஸ்கிருதப் பெயரின் நன்மையை ஆங்கில எழுத்தைக் கூட்டித் தீர்மானிப்பது எனக்கு ஒப்பவில்லை.

சரியான பொருளை நான் சொன்னதும், “பட்டினி கிடந்தவ பேரையா பிள்ளைக்கு வைக்கிறது?” என்று சம்பந்தியம்மாள் தயங்கினார். லலிதா சகஸ்ரநாமத்திலும் இந்தப் பெயர் வருகிறது என்றும், அதற்கு உரை எழுதிய 18ஆம் நூற்றாண்டின் பாஸ்கரராயர் ‘அப + ருணம்’ என்று பிரித்துக் ‘கடன் நீங்கியவள்’ என்றும் பொருள் கண்டார் என்றும் அவருக்கு எடுத்துச் சொன்னேன். கும்பகோணம் பக்கத்துக் காவிரிக் கரையில் உள்ள பாஸ்கரராஜபுரம் அந்த உரையாசிரியரின் பெயரால் வழங்கும் ஊர்தான். அறிக்கையில் இதுவும் இல்லை.

பிழைகளைச் சுட்டி மின்னஞ்சல் அனுப்பியதற்கு, வேறு பெயர் கேட்டால் பாதி விலையில் இன்னோர் அறிக்கை தருவதாகப் பதில் வந்தது. நட்சத்திர எழுத்து மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒரு பஞ்சாங்கமே போதும். பொருளுக்காக இந்தச் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூடுதல் ‘ஏ’ இல்லாமலேயே பிறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டிவரும் மாப்பிள்ளை, பெயர் சூட்டு விழாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் பாஸ்கரராயர் சொன்ன பொருளையே சொல்லிக்கொண்டிருந்தார்.