பத்து மாத்திரையும் ஒரு கத்தரிக்கோலும்

லண்டனிலிருந்து கும்பகோணம் போய் வந்து ஒரு வாரம் ஆகிறது. கல்யாணமெல்லாம் நன்றாகவே நடந்தது. ஆனால் இந்த மாத்திரை விஷயம்தான் மனசை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

பிரஷருக்கு நான் சாப்பிடுவது டெல்மிசார்டன் 40. ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனை வேலை செய்யவிடாமல் தடுக்கும் மருந்து. பயணம் நீண்டதில் தீர்ந்துபோனது. தெருமுனைக் கடையில் பெயரைச் சொன்னேன். பையன் சீட்டுக் கேட்கவில்லை. அட்டையைக் கத்தரியால் நறுக்கிப் பத்து மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்தான். பில்லும் இல்லை. லண்டனில் 28 மாத்திரை டப்பாவிலேயே என் பெயர் ஒட்டி வரும்.

ஐந்தாம் நாள் இரண்டு கணுக்காலும் வீங்கின. எழுந்தால் தலைசுற்றல். வெயில்தான் என்று நினைத்தேன். நர்ஸாக இருக்கும் அக்கா மகள் அட்டைத் துண்டைத் திருப்பிப் பார்த்து, "மாமா, இதுல பேரே பாதிதான் இருக்கு" என்றாள். கடைக்குப் போய் மிச்சத் துண்டைப் பக்கத்தில் வைத்தால், பெயருக்குப் பின்னால் 'ஏஎம்'. அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்தும் சேர்ந்தது. கால் வீங்குவது அதனால் வருவதுதான். "எல்லாம் பிரஷர் மாத்திரைதான் சார்" என்றான். வயிறு எரிந்தது. அந்தக் காலத்தில் இதே தெருவில் இருந்த மருந்துக்கடைப் பெரியவர் கவர் மேல் பேனாவால் 'காலை 1' என்று எழுதி, அப்பாவிடம் மூன்று தடவை சொல்லித்தான் அனுப்புவார். இப்போது பெயர், காலாவதித் தேதி எல்லாம் கத்தரியோடு போகிறது. டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும் மருந்து வேறு; விழுங்கும் நேரத்தில்தான் உறையைப் பிரிக்க வேண்டும். கத்தரி உறையில் பட்டால்?

டாக்டரைக் கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் போனில் சீட்டைப் பார்த்து, முழு அட்டையும் பில்லும் கொடுத்தார். "பொட்டாசியம், கிரியாட்டினின் எப்போ பாத்தீங்க?" என்றார். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு. இந்த மருந்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் குறைப்பதால் உடம்பில் பொட்டாசியம் தங்கும்; சிறுநீரகம் சரியில்லாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் பொட்டாசியம் நிறைந்த இளநீரைத் தினமும் குடிக்கக் கூடாது என்றார். லண்டனில் இந்த ரத்தப் பரிசோதனைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். ஆனால் இளநீரைப் பற்றி யார் சொல்வார்கள்? அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்தேன். ஏழு துண்டு, எதிலும் முழுப் பெயர் இல்லை. "வெள்ளை காலையில, ரோஸ் ராத்திரி" என்றாள் அம்மா. விமானம் ஏறுவதற்கு முன் அத்தனையையும் சீட்டோடு ஒப்பிட்டு, முழு அட்டையாக மாற்றி வாங்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.